மூளையின் வேதிப்பொருள்களை எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் திருப்பித் தருவது எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி மென்பொருள்களின் குணம். உச்சங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தாலும், மண்டையோட்டுக் கொழுப்பு பாதி நிறமாலையை (அதிர்வெண் வாரியாகச் சிக்னலைக் காட்டும் வரைபடம்) விழுங்கியிருந்தாலும், குளுட்டமேட் 9.31, காபா 1.84 (இரண்டும் மூளையின் நரம்புக் கடத்திகள்) என்று தசம இடங்களோடு அட்டவணை வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்பது மென்பொருளைத் திறப்பதற்கு வெகு முன்பே, ஸ்கேனர் அறையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, நோயாளி மேசையில் படுத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது. கணக்கிடும் முறைகளுக்காக மட்டும் வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பேசுவது 3 டெஸ்லா ஸ்கேனரில், ஹைட்ரஜன் அணுக்கருவைக் கொண்டு, மூளையில் ஒரே ஒரு வாக்சலில், அதாவது நாம் குறித்துவைக்கும் ஒரு சிறு பெட்டிப் பகுதியில், எடுக்கும் அளவீடு. பாஸ்பரஸ், கார்பன்-13, பல வாக்சல்களை ஒரே நேரத்தில் எடுக்கும் முறை ஆகியவை தனிக் கதை.

எதை அளக்கிறோம்

வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து வருகிறது. ஆனால் எல்லா ஹைட்ரஜனும் ஒரே அதிர்வெண்ணில் பேசுவதில்லை. சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சிறிது மறைப்பதால், ஒவ்வொரு மூலக்கூறின் ஹைட்ரஜனும் நூலிழை அளவு வேறுபட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கும். அந்த வேறுபாட்டைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், பிபிஎம் என்ற அலகால் குறிக்கிறோம். 3 டெஸ்லாவில் 1 பிபிஎம் என்பது ஏறத்தாழ 128 ஹெர்ட்ஸ், 1.5 டெஸ்லாவில் அதில் பாதி. இந்த 128 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பலமுறை தேவைப்படும்.

உடல் வெப்பத்தில் நீர் 4.7 பிபிஎம் அருகே நிற்கிறது. நிறமாலையை வலமிருந்து இடமாகப் படிப்பது வழக்கம். 2.0-இல் என்.ஏ.ஏ. எனப்படும் என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட், 3.03-இல் கிரியேட்டின், 3.2-இல் கோலின் சேர்மங்கள், 3.56-இல் மயோ-இனோசிட்டால். ஆரோக்கியமான பெரியவரின் மூளையில் என்.ஏ.ஏ.தான் மிக உயரமான உச்சம். குளுட்டமேட்டும் குளுட்டமினும் 2.1 முதல் 2.5 வரையிலும் 3.75-ஐச் சுற்றியும் கலந்து கிடக்கும். லாக்டேட் 1.3-இல் இரட்டை உச்சமாக வரும். நலமான மூளையில் அது கண்ணுக்குத் தெரியாத அளவே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இவை எல்லாமே ஒன்று முதல் பன்னிரண்டு மில்லிமோலார் அளவில்தான் இருக்கின்றன. தூய நீரோ லிட்டருக்கு 55 மோலுக்கும் மேல். ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய ஓர் உச்சத்தின் அடிவாரத்தில் நின்றுகொண்டு நமக்கு வேண்டியதைத் தேடுகிறோம். பின்னால் வரும் எல்லா முன்னெச்சரிக்கைகளுக்கும் இதுதான் காரணம்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

'மூளையின் வேதியியலைப் பார்க்க வேண்டும்' என்பது கேள்வி அல்ல. எந்தப் பொருள், எந்த இடத்தில், எவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்த எல்லா அமைப்புகளும் அதிலிருந்தே வரும்.

என்.ஏ.ஏ., கிரியேட்டின், கோலின் மட்டும் போதுமென்றால் எந்த முறையும் ஏறக்குறைய வேலை செய்யும். மயோ-இனோசிட்டாலும் குளுட்டமேட்டும் வேண்டுமென்றால் எக்கோ நேரம் (பல்ஸ் கொடுத்ததிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் வரையிலான நேரம்) 30 மில்லி செகண்டை ஒட்டிக் குறுகியதாக இருக்க வேண்டும். லாக்டேட்டைக் கொழுப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் நீண்ட எக்கோ நேரம் உதவும். காபா வேண்டுமென்றால் சாதாரண நிறமாலையை மறந்துவிட்டு எடிட்டிங் முறைக்குப் போக வேண்டும் (அது பின்னால் தனியாக வருகிறது). க்ளையோமா எனும் மூளைக் கட்டிகளில் ஐ.டி.எச். மரபணு மாற்றத்தின் அடையாளமான 2-ஹைட்ராக்சி குளுட்டரேட்டைத் தேடுகிறீர்கள் என்றால், அதற்கென்றே தேர்ந்தெடுத்த அமைப்பு வேண்டும். 3 டெஸ்லாவில் 97 மில்லி செகண்ட் எக்கோ நேரம் கொண்ட பிரெஸ் முறை (வாக்சலிலிருந்து சிக்னலை எடுக்கும் பல்ஸ் வரிசைகளில் ஒன்று) பரவலாகப் பயன்படுகிறது.

எல்லாவற்றையும் ஒரே ஸ்கேனில் அள்ளிவிடலாம் என்ற ஆசைதான் பல திட்டங்களைக் கெடுக்கிறது.

படி 2: வாக்சலை வைப்பது

முதலில் அளவு. சிக்னல் வாக்சலின் கன அளவோடு நேர்விகிதத்தில் கூடும். ஆனால் எத்தனை முறை திரும்ப எடுக்கிறோமோ, அதன் வர்க்கமூலத்தோடு மட்டுமே கூடும். 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் 8 மில்லி லிட்டர். பக்கத்தை 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் சிக்னல் எட்டில் ஒரு பங்காகிறது. அதை ஈடுகட்ட 64 மடங்கு அதிக நேரம் ஸ்கேன் செய்ய வேண்டும். நான்கு நிமிட ஸ்கேன் நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடும். 'கொஞ்சம் சிறிதாக வைக்க முடியுமா' என்று கேட்கும் மருத்துவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் போதும், வாதம் முடிந்துவிடும். குறுகிய எக்கோ நேர அளவீட்டுக்கு 8 மில்லி லிட்டரும், காபா எடிட்டிங்குக்கு 3 சென்டிமீட்டர் பக்கமுள்ள 27 மில்லி லிட்டரும் நடைமுறையில் நிலைத்துவிட்ட அளவுகள்.

இடம் என்று வரும்போது, மூளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை. பின்புற சிங்குலேட் பகுதியும் பிடரிப் பகுதியும் எளிதானவை. நெற்றிக்குக் கீழே கண்குழிக்கு மேலுள்ள பகுதியும், காதெலும்பை ஒட்டிய ஹிப்போகாம்பஸும் கடினமானவை. காற்றறைகளும் எலும்பும் அருகில் இருப்பதால் காந்தப்புலம் அங்கே கோணலாகிவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பின்புற சிங்குலேட்டில் கை பழகிய பிறகு ஹிப்போகாம்பஸுக்குப் போவது நல்லது.

மூன்று தளங்களிலும் மெல்லிய டி1 படத்தை (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) வைத்துக்கொண்டு வாக்சலை நிறுத்துங்கள். ஒரே தளத்தில் அழகாகத் தெரிந்த பெட்டி, இன்னொரு தளத்தில் மூளைக்குள் நீர் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளுக்குள் கால் நீட்டியிருக்கும். மண்டையோட்டிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கொழுப்பின் சிக்னல் 0.9 முதல் 1.3 பிபிஎம் வரை பரந்து, லாக்டேட்டை மூழ்கடித்து, என்.ஏ.ஏ.-வின் அடிக்கோட்டையும் சாய்த்துவிடும். வெளிப்புறச் சிக்னலை அழிக்கும் பட்டைகளை மண்டையோட்டுக்கும் வாக்சலுக்கும் இடையில் வைக்கலாம். பட்டை வாக்சலையே நறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் ஒன்று. திரையில் நீங்கள் காணும் பெட்டி ஒரே ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டுமே உண்மையானது. மற்ற ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பெட்டி சிறிது நகர்ந்த இடத்தில் இருக்கிறது. பிரெஸ் முறையில் மீள்குவிக்கும் பல்ஸின் அலைவரிசை அகலம் 1,200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 3 டெஸ்லாவில் இது இயல்பான அளவே. நீருக்கும் என்.ஏ.ஏ.-வுக்கும் இடையே 2.7 பிபிஎம், அதாவது சுமார் 345 ஹெர்ட்ஸ். 345-ஐ 1,200-ஆல் வகுத்தால் 29 சதவீதம். 20 மில்லி மீட்டர் பெட்டி கிட்டத்தட்ட 6 மில்லி மீட்டர் நகர்ந்திருக்கிறது. அதுவும் ஒரு திசையில் அல்ல, இரண்டு திசைகளில். இரண்டு பெட்டிகளும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் கன அளவு ஏறக்குறைய பாதிதான்! ஒரு பெட்டியிலிருந்து என்.ஏ.ஏ.-வை எடுத்து, பாதி வேறான பெட்டியிலிருந்து நீரை எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துக்கொண்டிருப்போம்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, வளர்சிதைப் பொருள்களை எடுக்கும்போது ஸ்கேனரின் மைய அதிர்வெண்ணை நீரிலிருந்து சுமார் 2 பிபிஎம் கீழே நகர்த்தி, நீர் ஒப்பீட்டை (செறிவைக் கணக்கிட எடுக்கும் அடக்காத நீர்ச் சிக்னல், படி 5) எடுக்கும்போது அதை நீருக்கே திருப்பி வைப்பது. இன்னொன்று, அகன்ற அலைவரிசை கொண்ட பல்ஸ்களைப் பயன்படுத்தும் செமி-லேசர் முறைக்கு மாறுவது. இரண்டாவது மருந்தே மேலானது.

படி 3: முறையும் நேரங்களும்

1980-களில் பிறந்த பிரெஸ், ஸ்டீம் என்ற இரண்டு முறைகள்தான் நீண்ட காலம் அரசாண்டன. ஸ்டீம் மிகக் குறுகிய எக்கோ நேரம் தரும், ஆனால் சிக்னலில் பாதியை இழக்கும். பிரெஸ் முழுச் சிக்னலைத் தரும், ஆனால் மேலே சொன்ன இடப்பெயர்ச்சி நோய் அதற்கு உண்டு. 2019-இல் இத்துறை வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை, 3 டெஸ்லாவிலும் அதற்கு மேலும் செமி-லேசரைப் பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் ஸ்கேனரில் அது இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் பிரெஸ்ஸை, அதன் குறை தெரிந்து பயன்படுத்துங்கள்.

எக்கோ நேரம் 30 மில்லி செகண்டில் எல்லாப் பொருள்களும் தெரியும். கூடவே புரதங்களிலிருந்து வரும் அகன்ற மேடும் அடியில் இருக்கும். 144-இல் அந்த மேடு மறைந்து, நிறமாலை சுத்தமாகத் தெரியும். லாக்டேட் தலைகீழாகத் தொங்கும். 288-இல் அது மீண்டும் நிமிரும். இந்தத் தலைகீழ் வித்தை லாக்டேட்டின் இரு ஹைட்ரஜன் குழுக்களுக்கு இடையேயான சுமார் 7 ஹெர்ட்ஸ் பிணைப்பிலிருந்து வருகிறது. கொழுப்பு தலைகீழாவதில்லை, ஆகவே இரண்டையும் பிரித்தறியலாம். ஆனால் 3 டெஸ்லாவில் பிரெஸ்ஸோடு 144-ஐப் பயன்படுத்தினால், இடப்பெயர்ச்சியால் லாக்டேட்டின் ஒரு பகுதி தலைகீழாகவும் ஒரு பகுதி நிமிர்ந்தும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'லாக்டேட் இல்லை' என்று அறிக்கை எழுதும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 288 பாதுகாப்பானது, சிக்னல் குறைந்தாலும்.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலான நேரம், அதாவது டி.ஆர்., 2 செகண்ட். சுற்றுகள் 64 முதல் 128 வரை. 128 சுற்றுக்கு நான்கேகால் நிமிடம் ஆகும். சுற்றுகளைச் சராசரியாக்கிச் சேமிக்காமல் தனித்தனியாகச் சேமிக்கும்படி ஸ்கேனரை அமைத்துவிடுங்கள். காரணம் படி 7-இல் வரும்.

படி 4: ஷிம்

நிறமாலையின் தரம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு ஷிம், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கும் வேலைதான். வாக்சலுக்குள் காந்தப்புலம் சீராக இல்லையென்றால், ஒரே மூலக்கூறே வாக்சலின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு அதிர்வெண்ணில் ஒலிக்கும். உச்சம் அகன்று, குட்டையாகி, பக்கத்து உச்சத்தோடு கலந்துவிடும்.

எவ்வளவு குறுகலாக இருந்தால் போதும்? 3 டெஸ்லாவில் நீர் உச்சத்தின் அரை உயர அகலம் 0.1 பிபிஎம்-க்குள், அதாவது 13 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் அருமை புரியும். கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் இடைவெளி சுமார் 24 ஹெர்ட்ஸ், எனவே அவை எளிதில் பிரியும். குளுட்டமேட் 2.35-இலும் குளுட்டமின் 2.45-இலும் நிற்கின்றன. இடைவெளி 13 ஹெர்ட்ஸ்தான். அகலமே 13 ஆகிவிட்டால் அவ்விரண்டும் ஒரே குவியல். அப்போது குளுட்டமேட் தனியாக எவ்வளவு என்று மென்பொருள் சொல்வது ஊகமே. பின்புற சிங்குலேட்டில் 7 முதல் 9 ஹெர்ட்ஸ் வரை எட்டுவது சாதாரணம்.

தானியங்கி ஷிம் முழு மூளையையும் சீராக்கப் பார்க்கும். உங்களுக்குத் தேவை உங்கள் வாக்சல் மட்டும். ஷிம் பெட்டியை வாக்சலைவிடச் சற்றே பெரிதாக வையுங்கள். காற்றறையையோ உச்சந்தலைக் கொழுப்பையோ அது தொடக்கூடாது. ஃபாஸ்ட்மேப் வகை ஷிம் முறை இருந்தால் அதை ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் சிறிது மேம்படும். திரையில் வரும் அகல எண்ணை வேறு நிறுவன ஸ்கேனரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது.

ஷிம் 18 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே மறுக்கிறதா? வாக்சலை 3 மில்லி மீட்டர் நகர்த்துங்கள், அல்லது சிறிது சாயுங்கள். பல் கம்பியோ தலைக்கவ்வியோ இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் பலிக்கவில்லையென்றால் அளவீட்டைக் கைவிடுங்கள். நோயாளியின் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு பயனற்ற எண்ணைத் தருவதைவிட அது நேர்மையானது.

படி 5: நீரை அடக்குவதும் நீரை அளப்பதும்

நீரை அடக்க வேப்பர் என்ற பல்ஸ் தொடர் நன்றாக வேலை செய்கிறது. செஸ் என்ற பழைய முறையும் பரவாயில்லை. மிச்சமிருக்கும் நீர் உச்சம் என்.ஏ.ஏ.-வைவிடப் பலமடங்கு உயரமாக இல்லாமல் இருந்தால் போதும். அறவே ஒழிக்க வேண்டிய அவசியமில்லை.

அடக்காத நீர் ஒப்பீட்டை எடுக்க மறக்காதீர்கள். அதே வாக்சல், அதே ஷிம், அதே எக்கோ நேரம், நான்கு முதல் பதினாறு சுற்றுகள். அரை நிமிட வேலை. சுழல் மின்னோட்டப் பிழையை (மாறும் காந்தப்புலம் தூண்டும் மின்னோட்டத்தால் வரும் கோணல்) திருத்தவும், சிக்னலைப் பிடிக்கும் காயில்களின் சிக்னலைச் சேர்க்கவும், செறிவைக் கணக்கிடவும் இது ஒன்றே போதும். இதை விட்டுவிட்டால் பிறகு விகிதங்களைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது.

படி 6: ஸ்கேன் வரிசை

செயல்முறை எம்.ஆர்.ஐ., டிஃப்யூஷன் போன்ற, கிரேடியன்ட்டை (காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் சுருள்கள்) கடுமையாக உழைக்கவைக்கும் ஸ்கேன்களுக்கு முன்னால் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியை வையுங்கள். அவற்றுக்குப் பிறகு காந்தத்தின் இரும்புத் துண்டுகள் சூடாகி, பின்பு மெல்லக் குளிரும்போது மைய அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும். காபா எடிட்டிங்குக்கு இது விஷம். காடோலினியம் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்னால் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டாலும் அளவீடு வீணாகாது, கோலின் உச்சம் சிறிது பாதிக்கப்படலாம்.

ஸ்கேன் ஓடும்போது திரையில் வளரும் நிறமாலையைப் பாருங்கள். கிரியேட்டினுக்கும் கோலினுக்கும் இடையிலான பள்ளம் ஆழமாக இறங்குகிறதா? 1.3-இல் எதிர்பாராத மலை எழுகிறதா? 4.2-ஐச் சுற்றி அலை அலையாக நெளிகிறதா? கடைசியில் சொன்னது பெரும்பாலும் வாக்சலுக்கு வெளியே, காற்றறைப் பக்கத்திலிருந்து வழிதவறி வந்த எக்கோ. நோயாளி மேசையில் இருக்கும்போதே பார்த்தால் மீண்டும் எடுக்கலாம்.

காபா வேண்டுமென்றால்

காபாவின் 3.01 பிபிஎம் உச்சம் கிரியேட்டினின் 3.03 உச்சத்துக்குள் முழுவதும் புதைந்திருக்கிறது. கிரியேட்டின் அங்கே மூன்று ஹைட்ரஜன்களோடு பல மடங்கு செறிவில் நிற்கிறது. காபாவோ இரண்டு ஹைட்ரஜன்களோடு ஒன்றிரண்டு மில்லிமோலார். நேரடியாகப் பிரிக்க வழியில்லை.

1998-இல் வெளியான மெகா-பிரெஸ் முறை ஒரு தந்திரம் செய்கிறது. காபாவின் 3.01 குழு, 1.9-இல் உள்ள இன்னொரு குழுவோடு பிணைந்திருக்கிறது. ஒரு சுற்றில் 1.9-ஐ எடிட்டிங் பல்ஸால் தொடுகிறோம். அடுத்த சுற்றில் அந்தப் பல்ஸை 7.46 பிபிஎம்-இல், யாருக்கும் தொல்லையில்லாத இடத்தில் வைக்கிறோம். எக்கோ நேரம் 68 மில்லி செகண்ட். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், பல்ஸால் பாதிக்கப்படாத கிரியேட்டின் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் மறைந்துவிடும். காபா மட்டும் மிஞ்சும். 320 சுற்றுகள், டி.ஆர். 2 செகண்ட் என்றால் பத்தரை நிமிடத்துக்கும் சிறிது மேல்.

மிஞ்சுவது சுத்தக் காபா அல்ல. கிட்டத்தட்ட பாதி, அதே இடத்தில் உச்சம் கொண்ட புரதங்களிலிருந்து வருகிறது. அதனால்தான் கட்டுரைகளில் இதைக் 'காபா பிளஸ்' என்று குறிக்கிறார்கள். வெறும் காபா என்று எழுதிவிட்டு, 15 சதவீத மாற்றத்துக்கு நரம்புத் தடுப்புக் கோட்பாடு ஒன்றைக் கட்டி எழுப்புவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஃபான்டம் பாட்டிலில் (மூளைக்குப் பதிலாக வைக்கும் சோதனைக் கரைசல்) சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீரின் அதிர்வெண் ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.01 பிபிஎம் நகரும். 22 டிகிரி அறையில் உள்ள பாட்டிலில் நீர் 4.8 அருகே இருக்கும். நீரை வைத்தே மற்றவற்றின் இடத்தைக் கணக்கிடுவதால், எடிட்டிங் பல்ஸ் 0.15 பிபிஎம் தவறிப் போய் விழும். ஃபான்டத்தில் காபா குறைவாக வருகிறது என்று திகைக்கும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

படி 7: தரவைத் தயார்செய்தல்

வரிசை இதுதான்: காயில்களின் சிக்னலை எடையிட்டுச் சேர்த்தல், சுழல் மின்னோட்டத் திருத்தம், ஒவ்வொரு சுற்றின் அதிர்வெண்ணையும் கட்டத்தையும் (அலையின் தொடக்க நிலை) ஒன்றோடொன்று ஒத்திசைத்தல், கெட்ட சுற்றுகளை விலக்குதல், பிறகு சராசரி, கடைசியில் மிச்ச நீரை நீக்குதல்.

சுற்றுகளைத் தனித்தனியாகச் சேமிக்கச் சொன்னது மூன்றாவது, நான்காவது வேலைகளுக்காகத்தான். நோயாளி எழுபதாவது சுற்றில் தலையை அசைத்தால், அங்கிருந்து உச்சம் 5 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். சராசரியாக்கிச் சேமித்திருந்தால் அது அகன்ற உச்சமாக மட்டுமே தெரியும், திருத்த வழியிருக்காது. தனித்தனியாக இருந்தால் பின்பாதியை இழுத்து முன்பாதியோடு பொருத்திவிடலாம்.

நிறமாலை அழகாகத் தெரிய வேண்டும் என்று மழுப்பும் வடிகட்டியைப் போட்டு, பிறகு அதையே பொருத்துதலுக்குக் கொடுக்காதீர்கள். படத்துக்கு ஒரு பிரதி, கணக்குக்கு மூலம்.

படி 8: பொருத்துதல்

ஒவ்வொரு பொருளின் தனி நிறமாலையும் அடங்கிய அடிப்படைத் தொகுப்பை எடுத்து, அவற்றை எந்த விகிதத்தில் கலந்தால் அளந்த நிறமாலை கிடைக்கும் என்று தேடுவதுதான் பொருத்துதல். 1993-இல் ஸ்டீபன் புரொவெஞ்சர் வெளியிட்ட எல்.சி.மாடல் இன்றும் அளவுகோலாக நிற்கிறது. 2021 முதல் இலவசம். ஓஸ்ப்ரே, எஃப்.எஸ்.எல்.-எம்.ஆர்.எஸ்., டார்குவின் ஆகியவையும் இலவசம். காபா எடிட்டிங்குக்கு கேனட் எளிது.

அடிப்படைத் தொகுப்பு உங்கள் முறை, எக்கோ நேரம், காந்தப்புலம் மூன்றோடும் பொருந்த வேண்டும். 30 மில்லி செகண்ட் பிரெஸ் தொகுப்பைக் கொண்டு 35 மில்லி செகண்ட் தரவைப் பொருத்தினால் எந்த எச்சரிக்கையும் வராது. குளுட்டமேட் மட்டும் அமைதியாகத் தவறும்.

வெளியீட்டில் முதலில் எண்களைப் பார்க்காதீர்கள். மிச்சக் கோட்டை (அளந்த நிறமாலைக்கும் பொருத்தியதற்கும் உள்ள வேறுபாடு) பாருங்கள். அது வெறும் இரைச்சலாக இருந்தால் நல்லது. எந்த இடத்திலாவது உச்சத்தின் வடிவம் தெரிந்தால் அங்கே மாதிரி தோற்றிருக்கிறது. பிறகு அடிக்கோடு. நெளிந்து நெளிந்து ஓடும் அடிக்கோடு, உச்சங்களுக்குச் சேர வேண்டியதைத் தின்றுகொண்டிருக்கிறது.

அதன் பின்னரே கிராமர்-ராவ் எல்லை. இது பொருத்துதலின் நிச்சயமின்மை குறைந்தபட்சம் எவ்வளவு என்று சொல்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தூக்கி எறி என்ற விதி பரவலாகப் புழங்குகிறது. அது ஆபத்தானது. ஒரு கணக்கு பாருங்கள். இரைச்சல் எல்லோருக்கும் ஒன்றே, நிச்சயமின்மை 0.2 மில்லிமோலார். ஆரோக்கியமானவரிடம் அளவு 1.2, எனவே 17 சதவீதம், தேர்ச்சி. நோயாளியிடம் அளவு உண்மையிலேயே 0.8-ஆகக் குறைந்திருக்கிறது, 25 சதவீதம், நீக்கம். யாரைத் தேடி ஆய்வு தொடங்கினோமோ அவர்களையே வெளியே தள்ளிவிட்டு, 'குழுக்களிடையே வேறுபாடில்லை' என்று எழுதுவோம். நிறமாலையின் அகலத்தையும் சிக்னல்-இரைச்சல் விகிதத்தையும் வைத்து நீக்குங்கள்; ஒரு பொருளின் சதவீத எல்லையை வைத்து நீக்காதீர்கள்.

படி 9: எண்ணைச் செறிவாக்குதல்

கிரியேட்டினால் வகுப்பது எளிது, வாக்சல் அளவு, காயில் உணர்திறன் எல்லாம் தாமாக அடிபட்டுப் போகும். ஆனால் கிரியேட்டின் மாறாதது என்பது நம்பிக்கை மட்டுமே. கட்டிகளில் அது குறைகிறது. கிரியேட்டின் உற்பத்திக் குறைபாட்டு நோய்களில் அந்த உச்சமே ஏறக்குறைய காணாமல் போகிறது. வகுபடுவது உயர்ந்ததா வகுப்பது தாழ்ந்ததா என்று விகிதம் சொல்லாது.

நீரை ஒப்பாக வைத்தால் மூன்று திருத்தங்கள் வேண்டும்: திசுக் கலவை, நீரின் அளவு, தளர்வு நேரங்கள் (சிக்னல் தேயவும் மீளவும் ஆகும் நேரங்கள்). டி1 படத்தைப் பிரித்து வாக்சலுக்குள் சாம்பல் பொருள், வெண்பொருள், மூளைத் தண்டுவட நீர் எத்தனை பங்கு என்று முதலில் அறியுங்கள். தண்டுவட நீரில் இந்தப் பொருள்கள் ஏறக்குறைய இல்லை. இளைஞரின் வாக்சலில் 15 சதவீதம், முதியவரின் வாக்சலில் 30 சதவீதம் தண்டுவட நீர் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் திசுவிலும் என்.ஏ.ஏ. 10 மில்லிமோலார்தான். திருத்தாமல் விட்டால் முதலாமவருக்கு 8.5, இரண்டாமவருக்கு 7.0 என்று வரும். 18 சதவீத 'நரம்பணு இழப்பு', ஒரு நரம்பணுவும் இழக்காமலே! முதுமை, மறதிநோய் ஆய்வுகளில் இந்தத் திருத்தம் இல்லாத அட்டவணையை நான் படிப்பதே இல்லை.

நீரின் அளவு: எல்.சி.மாடல் முன்னிருப்பாக 35,880 மில்லிமோலார் என்று எடுத்துக்கொள்கிறது. அது வெண்பொருளுக்கான மதிப்பு. சாம்பல் பொருளில் நீர் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். முன்னிருப்பை மாற்றாமல் புறணியை அளந்தால் எல்லா எண்களும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தாழ்ந்து வரும்.

படி 10: படித்தல்

உச்சங்களுக்கு நோய்ப்பெயர் ஒட்டுவதில் அவசரம் வேண்டாம். கோலின் உயர்ந்து என்.ஏ.ஏ. தாழ்வது கட்டியில் வரும், மயலின் சிதையும் வீக்கத்திலும் வரும். கனவன் நோயில் என்.ஏ.ஏ. வழக்கத்துக்கு மாறாக உயர்கிறது, அதை உடைக்கும் நொதி இல்லாததால். கல்லீரல் செயலிழப்பு மூளையைப் பாதிக்கும்போது குளுட்டமின் உயர்ந்து, மயோ-இனோசிட்டாலும் கோலினும் தாழ்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து வருவது ஏறத்தாழக் கையெழுத்து போன்றது. சீழ்க்கட்டியில் 1.9-இல் அசிட்டேட்டும் 2.4-இல் சக்சினேட்டும் 0.9-இல் அமினோ அமிலங்களும் தெரியலாம். 135 மில்லி செகண்டில் அமினோ அமிலம் தலைகீழாகும், கொழுப்பு ஆகாது.

பச்சிளங்குழந்தையின் நிறமாலை பெரியவர்களுடையதைப் போல இருக்காது. கோலினும் மயோ-இனோசிட்டாலும் ஓங்கி, என்.ஏ.ஏ. குட்டையாக இருப்பது அங்கே இயல்பு. மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையில் லாக்டேட் தேடும்போது 1.1 பிபிஎம்-இல் ஓர் இரட்டை உச்சம் தெரிந்தால், மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பினோபார்பிட்டால் ஊசியில் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் அங்கேதான் நிற்கும். லாக்டேட்டின் இடம் 1.3.

படி 11: எழுதுவதும் சேமிப்பதும்

கட்டுரை எழுதுகிறீர்களென்றால் 2021-இல் வெளியான எம்.ஆர்.எஸ்.-இன்-எம்.ஆர்.எஸ். சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி இணையுங்கள்: முறை, எக்கோ நேரம், டி.ஆர்., வாக்சல் அளவும் இடமும், சுற்றுகள், நீரடக்க முறை, ஷிம் முறை, கிடைத்த அகலம், மென்பொருளும் பதிப்பும், அடிப்படைத் தொகுப்பில் இருந்த பொருள்கள். எல்லா நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட ஒரு படமும் வையுங்கள். சிறந்த ஒன்றை மட்டும் காட்டுவது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்.

மூலத்தரவை அன்றே இறக்கிவிடுங்கள். டைகாம் கோப்பாக மருத்துவமனைக் களஞ்சியத்துக்குப் போவது பெரும்பாலும் சராசரியாக்கப்பட்ட ஒரே நிறமாலை மட்டுமே. தனித்தனிச் சுற்றுகளும் காயில்களும் உள்ள மூலக்கோப்பு சீமென்ஸில் ட்விக்ஸ், ஜி.இ.-யில் பி-ஃபைல், ஃபிலிப்ஸில் டேட்டா-லிஸ்ட் என்ற வடிவில் ஸ்கேனரின் வட்டிலேயே கிடக்கும். இடம் நிரம்பியதும் அழிந்துவிடும். அதை நிஃப்டி-எம்.ஆர்.எஸ். வடிவத்துக்கு மாற்றி, அதே நாளில் எடுத்த டி1 படத்தையும் வாக்சலின் ஆயங்களையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். வாக்சல் எங்கே இருந்தது என்ற தகவல் இல்லாமல் படி 9-இன் திசுத் திருத்தம் நடக்காது.